புது லேப்டாப்பை ஒரே ஸ்கிரிப்டில் தயார் செய்வது: நிஜமா, வெட்டி வேலையா?

கேள்வி
ஜூலை 6, 2024

அண்ணே, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் இது மூன்றாவது லேப்டாப். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் போய்விடுகிறது. கிட், டாக்கர், நோட், பைத்தான், எடிட்டர், அதற்கு இருபது எக்ஸ்டென்ஷன், விபிஎன் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து போட வேண்டியிருக்கிறது. டீம் லீட் "இன்னுமா செட்டப் முடியல" என்கிறார். ஒரே கமாண்டில் முடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்களே, நிஜமா? மெஷின்களைத் தானாக அமைத்துத் தரும் ஆன்சிபிள் படிக்க வேண்டுமா, கமாண்டுகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் போதுமா? லினக்ஸில் உபுண்டுதான் வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, இரவு 10.15

ஷெல் ஸ்கிரிப்ட் போதும். ஒன்பது வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன், 200 வரி இருக்கும். ரெப்போவை (கிட் கருவி ஃபைல்களை அவற்றின் பழைய வடிவங்களோடு வைத்திருக்கும் கிடங்கு) இறக்கி, ஸ்கிரிப்டை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் மெஷின் தயார். 25 நிமிடம்.

ஆன்சிபிள் நல்ல கருவிதான். ஆனால் ஐம்பது சர்வரை ஒரே மாதிரி வைத்திருக்கத்தான் அது பிறந்தது. ஒரு லேப்டாப்புக்கு அது, ஒரு ஆள் சாப்பாட்டுக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற மாதிரி.

ஜூலை 7, காலை 7.40

நேற்று எழுதியதில் பாதி தப்பு. காலையில் ரெப்போவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். 200 இல்லை, 614 வரி. அதில் பாதி ஓடாதபடி கமெண்ட் ஆக்கிப் போட்டவை, ஏன் ஆக்கினேன் என்று தெரியாது. கடைசியாக முழுதாக ஓட்டியது 2020 மே, உபுண்டு 20.04 வந்த புதிதில். ஆக, அந்த 25 நிமிடம் நாலு வருடத்துப் பழைய ஞாபகம்.

டீ விஷயமும் அப்படித்தான். அன்றைக்கு டீக்குப் போனது உண்மை. திரும்பி வந்தபோது கத்தரிப்பூ நிறத் திரை ஒன்று, எழுத்துரு உரிமத்துக்குச் சம்மதம் கேட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தது. உபுண்டுவின் ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் என்ற பொதி (மென்பொருள் தொகுப்பு), கூடவே மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களையும் இழுத்துக்கொண்டு வரும். பொதிகளைப் போடும் ஏபிடிக்கு "எல்லாவற்றுக்கும் எஸ்" என்று சொல்லி வைத்தாலும் அந்த உரிமக் கேள்விக்கு அது செல்லாது. இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃபுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைக்க வேண்டும். அந்த வரியைப் பிறகு சேர்த்தேன். சேர்த்த பிறகு ஓட்டிப் பார்க்கவில்லை.

ஜூலை 8

தம்பி தனியாகக் கேட்டது: "எங்கே ஆரம்பிப்பது?"

இப்போது கையில் இருக்கும் மெஷினில். புது மெஷின் வந்த அன்று ஆரம்பித்தால் லீட் பக்கத்திலேயே நிற்பார். கையால் போட்ட பொதிகளை ஏபிடி-மார்க் கமாண்டிடம் கேட்டால் பட்டியல் தரும். நீங்கள் போட்டதும் இன்ஸ்டாலர் போட்டதும் அதில் கலந்து கிடக்கும், கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்க வேண்டும். அப்புறம் ஷெல் ஹிஸ்டரியில் (அடித்த கமாண்டுகளின் பதிவு) சூடோ என்று தேடுங்கள், நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டியதெல்லாம் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். எனக்குப் பொதிப் பட்டியலைவிட இதுதான் உதவியது. இரண்டு நாள் போவது இன்ஸ்டால் ஆவதற்கு இல்லை. எப்போதோ ஒரு ராத்திரி ஏதோ ஒரு ஃபைலில் ஒரு எண்ணை மாற்றி ஒரு பிழையைத் தீர்த்திருப்போம், அதை மறந்திருப்போம். அதே பிழை புது மெஷினில் திரும்ப வரும், திரும்பத் தேடுவோம். போகிற நேரம் அதுதான்.

என்னுடைய உதாரணம்: 2019-இல் ஒரு ஃப்ரண்ட்எண்ட் ப்ராஜெக்டை ஓடவிட்டால் "டிஸ்கில் இடமில்லை" என்றது. டிஸ்கில் 300 ஜிபி காலி. அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது, அது டிஸ்க் இடம் இல்லை. ஃபைல் மாறுகிறதா என்று கண்காணிக்க, லினக்ஸின் மையமான கெர்னல் அனுமதிக்கும் எண்ணிக்கை தீர்ந்திருக்கிறது. ஐநோட்டிஃபை வரம்பு. இடி கழகத்தின் கீழ், கெர்னல் அமைப்புகள் இருக்கும் சிஸ்கன்ட்ரோலில் ஒரு எண், அவ்வளவுதான். 2020-இல் புது மெஷின் வந்ததும் அதே பிழை. அதே அரை நாள். அன்றைக்குத்தான் அது ஸ்கிரிப்டுக்குள் போனது, மேலே ஒரு வரி காரணத்தோடு.

(இடிசி ஃபோல்டர் என்று படிக்கவும். கீபோர்டின் தானியங்கித் திருத்தம் கழகம் ஆக்கிவிட்டது. அழிக்க மனமில்லை.)

ஜூலை 8, இரவு

ஒன்று விட்டுப்போனது. ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினாலும் ஒன்றும் கெடக்கூடாது. பாதியில் நிற்கும், திரும்ப ஓட்டுவீர்கள், அது நிச்சயம். ஆரம்பத்தில் என் ஸ்கிரிப்ட், ஷெல்லின் அமைப்பு ஃபைலான பேஷ்ஆர்சியின் கடைசியில், கமாண்டுகளை எங்கே தேடுவது என்று சொல்லும் ஒரு பாத் வரியை எக்கோ செய்து ஒட்டும். ஒவ்வொரு முறையும் ஒட்டும். ஒருநாள் திறந்து பார்த்தால் ஒரே வரி பதினொரு முறை, ஸ்ரீராமஜெயம் எழுதின மாதிரி. ஒட்டுவதற்கு முன்னால் அந்த வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று, சொல் தேடும் கிரெப் கமாண்டில் பார்க்க வேண்டும். ஃபோல்டர் உண்டாக்கும் வரியும் லிங்க் போடும் வரியும் அப்படித்தான், இருந்தால் பேசாமல் கடந்து போக வேண்டும்.

இந்த இடத்தில் ஆன்சிபிள் என்னைவிடப் புத்திசாலி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் முறை ஓட்டினால் கடைசியில் "மாறியது: 0" என்று காட்டும். அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு.

ஜூலை 9

"தப்பாகப் போனால் என்ன ஆகிவிடும், மிஞ்சிப்போனால் ஃபார்மட்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். சரி, இதைக் கேளுங்கள்.

மென்பொருட்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரை சூடோ இல்லாமல் ஓட்ட, பயனரை டாக்கர் குரூப்பில் சேர்க்க வேண்டும். அதற்கான யூசர்மாட் கமாண்டில் பெரிய ஜிக்கு (G) முன்னால் ஒரு சின்ன ஏ (a) வர வேண்டும். ஏ இருந்தால் "இதையும் சேர்". ஏ இல்லாவிட்டால் "இது மட்டும் போதும், மற்ற குரூப்பிலிருந்து எடுத்துவிடு". நான் ஏ போடவில்லை. ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் காட்டவில்லை, அன்று முழுக்க வேலை செய்தேன். மறுநாள் காலை மெஷினைத் திறந்து சூடோ அடித்தால், உன் பெயர் பட்டியலில் இல்லை, இதைப் புகார் செய்கிறேன் என்றது. யாரிடம் புகார்? மெஷினில் இருப்பதே நான் ஒருவன்தான்.

சூடோ குரூப்பிலிருந்து என்னை நானே நீக்கியிருக்கிறேன். திரும்பச் சேர சூடோ வேண்டும். கடைசியில், மெஷின் துவங்கும்போது வரும் கிரப் மெனுவில் ரெக்கவரி மோடுக்குப் போய், முழு அதிகாரமுள்ள பயனரான ரூட்டின் ஷெல் திறந்து, டிஸ்கை எழுதும்படி மறுபடி மவுண்ட் செய்து, இந்த முறை ஏ போட்டு அடித்தேன். மீட்டிங் பத்து மணிக்கு. சேர்ந்தது பத்தே முக்காலுக்கு. காரணமாக "நெட் பிரச்சினை" என்றேன்.

கொசுறு: ஏ போட்டாலும் லாக் அவுட் செய்து வரும் வரை குரூப் செல்லாது. அதே ஸ்கிரிப்டில் அடுத்த வரியாக டாக்கரை அழைத்தால் அனுமதி இல்லை என்று விழும். ஸ்கிரிப்டை அந்த இடத்தில் இரண்டாக வெட்டிவிட்டேன்.

ஜூலை 13

டாட்ஃபைல்கள் (பெயர் புள்ளியில் தொடங்கும் அமைப்பு ஃபைல்கள்) பற்றி நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். பேஷ்ஆர்சி, கிட்கான்ஃபிக், எடிட்டர் அமைப்பு எல்லாம் ஒரு ரெப்போவில் இருக்கும். ஹோம் ஃபோல்டரில் அவற்றுக்கு சிம்லிங்க், அதாவது அசல் ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி. லிங்க் போட குனூ ஸ்டோ வைத்திருக்கிறேன். சின்னக் கருவி, பெர்லில் எழுதியது, சொன்னதை மட்டும் செய்யும்.

சொன்னதை மட்டும் செய்வதால்தான் மாட்டிக்கொண்டேன். உபுண்டுவில் புதுப் பயனர் உருவாகும்போதே ஒரு பேஷ்ஆர்சியைக் கொடுத்துவிடும். ஸ்டோ அதைப் பார்த்து "இங்கே ஏற்கெனவே நிஜ ஃபைல் இருக்கிறது, தொடமாட்டேன்" என்று நிற்கும். நியாயம். அடாப்ட் என்றொரு விருப்பம் கண்ணில் பட்டது. பெயரைப் பார்த்து, என் ஃபைலை மெஷின் தத்தெடுக்கும் என்று நினைத்தேன். நேர் எதிர். மெஷினில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போய் ரெப்போவில் என் ஃபைலின் மேல் வைத்துவிடும். ஆறு வருட அலியாஸ்கள் (கமாண்டுச் சுருக்கங்கள்) இருந்த இடத்தில் உபுண்டுவின் கன்னி பேஷ்ஆர்சி. அதோடு விட்டேனா? "அப்டேட்" என்று கமிட் செய்து (ரெப்போவில் பதிந்து), புஷ் செய்து சர்வருக்கும் ஏற்றினேன். இரண்டு வாரம் கழித்து, கை பழகிய சுருக்கெழுத்து ஒன்று வேலை செய்யாதபோதுதான் தெரிந்தது. கிட்டில் இருந்ததால் திரும்பக் கிடைத்தது.

இப்போது ஸ்டோவுக்கு முன்னால், உபுண்டு கொடுத்ததை வேறு பெயருக்கு மாற்றும் ஒரு வரி இருக்கிறது.

ஜூலை 14

நிக்ஸ் (பொதிகளைப் போடும் இன்னொரு கருவி) தெரியுமா என்றவருக்கு: தெரியும். எல்கோ டோல்ஸ்ட்ராவின் 2006 முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது, யோசனை அபாரம். நான் இரண்டு வார இறுதியை அதில் விட்டேன். அதில் ஊறியவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், இருக்கட்டும்.

மேக்கில் எப்படி என்றவருக்கு: என்னிடம் இல்லை. தங்கையிடம் இருக்கிறது, அவளுக்கு, மேக்கில் பொதிகளைப் போடும் ஹோம்ப்ரூவின் பட்டியலான ப்ரூஃபைல் எழுதிக் கொடுத்தேன். இன்டெல் மேக்கில் ஓடிய ஸ்கிரிப்ட், ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1-இல் ஓடவில்லை. ஹோம்ப்ரூ இருக்கும் இடமே யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரிலிருந்து ஆப்ட் ஹோம்ப்ரூ ஃபோல்டருக்கு மாறிவிட்டது, நான் பழைய இடத்தை நேராக எழுதி வைத்திருந்தேன். இன்னொன்று, ஆப்பிள் தருகிற பேஷ் ஷெல் இன்னமும் 3.2. லினக்ஸில் எழுதிய அசோசியேட்டிவ் அரே (பெயரைச் சொல்லி மதிப்பை எடுக்கும் பட்டியல்) அங்கே செல்லாது. அவள் "உன் ஸ்கிரிப்டைவிட நானே கையால் போட்டுக்கொள்வேன்" என்று சொல்லி, ஒரு மணி நேரத்தில் போட்டும் விட்டாள்.

ஜூலை 20, இரவு 11.50

எல்லோரும் சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். விர்ச்சுவல் மெஷினில் (மெஷினுக்குள் ஓடும் போலி மெஷின்) வெறும் உபுண்டு 24.04 போட்டு, ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, ஸ்கிரிப்டை இன்று முழுதாக ஓட்டினேன். ஒரு மணி 50 நிமிடம். ஐந்து இடத்தில் சொதப்பியது. நின்ற இடங்களைக்கூட மன்னிக்கலாம்.

நிற்காமல் ஏமாற்றிய இடம்: பதிவிறக்கம் வேகமாக இருக்க, சோர்சஸ் லிஸ்ட் என்ற ஃபைலில், பொதிகளை இறக்கும் மிரர் (நகல் சர்வர்) முகவரியை செட் கமாண்டை வைத்து மாற்றும் ஒரு வரி உண்டு. 24.04-இல் அந்த ஃபைலில் ஒரு கமெண்ட்தான் இருக்கிறது. விவரமெல்லாம் உபுண்டு சோர்சஸ் என்ற புது ஃபைலுக்கு, புது வடிவத்தில் போய்விட்டது. மாற்ற ஒன்றும் இல்லாவிட்டால் செட் பேசாமல் வெற்றி என்று சொல்லித் திரும்பிவிடும். பிழை வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்து என்று முதல் வரியில் செட் போட்டிருந்தும் பயனில்லை. (முதல் வரி செட் set, மாற்றுகிற செட் sed. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்ய.)

பைத்தான் கருவிகளை, பைத்தானின் பொதிக் கருவியான பிப் வைத்து நேராகப் போடும் வரி விழுந்தது. சிஸ்டம் பைத்தானில் கை வைக்காதே என்று இப்போது மறுக்கிறது. ஒவ்வொன்றையும் தனி இடத்தில் போடும் பிப்எக்ஸுக்கு மாற்றினேன், அது நல்லதுக்குத்தான். கேப்ஸ் லாக்கை கன்ட்ரோல் ஆக்கும் எக்ஸ்மாட்மேப் வரி, புதிய திரை அமைப்பான வேலண்டில் ஒன்றுமே செய்யவில்லை. டெஸ்க்டாப் அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸ் வழியாகச் செய்ய வேண்டியிருந்தது.

மீதி இரண்டும் என் எழுத்துப்பிழை. சொல்வதற்கில்லை.

ஜூலை 21

ஐநோட்டிஃபை பற்றி ஒருவர் சரியாகப் பிடித்தார். 5.11 கெர்னலிலிருந்து அந்த வரம்பு ரேமைப் பொறுத்துத் தானாகவே கூடுகிறது. 24.04 வந்தது 6.8 கெர்னலோடு. ஆகவே என் பெருமைக்குரிய அந்த வரி அநேகமாகத் தேவையே இல்லை. நீக்கிவிட்டு அதே ப்ராஜெக்டை ஓட்டினேன், பிழை வரவில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். மேலே காரணம் எழுதியிருந்ததால் அதை நீக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. காரணம் எழுதாத லிப்எக்ஸ்எஸ்எஸ்1 என்ற பொதியும் பட்டியலில் இருக்கிறது. எதற்கோ 2016-இல் போட்டது. நீக்கப் பயம், வைத்திருக்கிறேன். மாமியார் வீட்டிலிருந்து வந்த பாத்திரம் மாதிரி.

ஜூலை 28

"தமிழ் டைப்பிங்கை ஸ்கிரிப்டில் எப்படி?" இது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதில்தான் அதிகம் அடிபட்டேன்.

பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ்-எம்17என் பொதி வேண்டும். பிறகு உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமின் உள்ளீட்டுப் பட்டியலில் ஆங்கிலத்தையும் எம்17என்னின் தமிழ்99 கீபோர்டு அமைப்பையும் ஜிசெட்டிங்ஸில் எழுத வேண்டும். இரண்டே வரி. ஆனால் மொத்த ஸ்கிரிப்டையும் சூடோவில் ஓட்டினால், அந்த இரண்டாம் வரி ரூட் என்கிற ஆளுக்குத் தமிழ் கீபோர்டு அமைத்துக் கொடுக்கும். உங்களுக்கு இல்லை. ரூட் எந்தக் காலத்தில் தமிழில் கட்டுரை எழுதப்போகிறார்? தேவைப்படும் வரிகளுக்கு மட்டும் சூடோ போடுங்கள், ஸ்கிரிப்ட் உங்கள் பெயரிலேயே ஓடட்டும்.

தமிழ்99 வேண்டாம், ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்களுடன் சண்டைக்கு வரவில்லை. 1999 சென்னை மாநாட்டில் வந்த அமைப்பு, கற்க ஒரு வாரம் ஆகும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி வைக்கிறதே, அந்த ஒன்றுக்காகவே நான் விடமாட்டேன். டெர்மினலில் மட்டும் தமிழை எதிர்பார்க்காதீர்கள். ஒற்றைக்கொம்பு ஒரு கட்டத்தில், எழுத்து அடுத்த கட்டத்தில் என்று நிற்கும்.

ஆகஸ்ட் 3

தம்பி தன் ரெப்போவின் லிங்க்கைப் போட்டிருந்தார். உடனே எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார். உள்ளே, மற்ற மெஷின்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் தனிச்சாவி இருந்தது.

திட்டவில்லை, நானும் செய்தவன்தான். பேஷ்ஆர்சியில் ஒரு கிளவுட் சேவையின் சாவியை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தேன், ரெப்போ பொதுவெளியில். அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். சாவியையே செல்லாததாக்கிப் புதிது எடுக்க வேண்டும். எஸ்எஸ்எச் சாவியை நான் இப்போது எங்கும் கொண்டுபோவதே இல்லை. மெஷினுக்கு ஒன்று புதிதாக உண்டாக்குகிறேன். மெஷின் போனால் அந்த ஒன்றை மட்டும் நீக்கினால் போதும்.

கிட்கான்ஃபிக்கிலும் ஒரு சங்கதி. ஆபீஸ் ஃபோல்டருக்கு ஒரு மின்னஞ்சல், சொந்த ஃபோல்டருக்கு ஒன்று என்று ஃபோல்டரைப் பார்த்துத் தானே மாறும் வசதி கிட் 2.13-இல், 2017-இல் வந்தது. அதற்கு முன்னால் நான் ஒரு மாதம் முழுக்க, காலேஜில் ஆரம்பித்த மின்னஞ்சலில் ஆபீஸ் கமிட்டுகள் போட்டிருக்கிறேன். அந்த முகவரியில் "மன்மதன்" என்ற சொல் வரும். வெளிநாட்டுக் க்ளையன்ட்டுக்கு அர்த்தம் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

ஆகஸ்ட் 17

"மொத்தக் கணக்கில் லாபமா?" என்று கேட்டவருக்கு. ஒன்பது வருடத்தில் ஐந்து மெஷின். கையால் செய்திருந்தால் தலைக்கு இரண்டு நாள், மொத்தம் 80 மணி நேரம். ஸ்கிரிப்டோடு நான் கழித்தது, ஜூலை முழுக்கவும் சேர்த்தால், 100-ஐத் தாண்டும். நஷ்டம். மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

முதல் நாள் ஆன்சிபிளைக் கல்யாண அண்டா என்றேன். 614 வரி ஸ்கிரிப்டும் கிட்டத்தட்ட அண்டாதான். தம்பிக்கு இன்று எழுதுவதாக இருந்தால், 60 வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள் என்பேன். பொதிப் பட்டியல் ஒரு தனி ஃபைல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன், எப்போது என்று ஒரு வரி. எதையும் முதலில் அந்த ஃபைலில் எழுதி, பிறகு ஸ்கிரிப்ட் வழியாகவே போடு. கையால் போட்டுவிட்டு "ராத்திரி எழுதிக்கொள்ளலாம்" என்றால் அந்த ராத்திரி வராது. எனக்கு வந்ததில்லை.

ஆகஸ்ட் 31

புது லேப்டாப் நேற்று வந்தது. நிஜ ஓட்டம்: 38 நிமிடம். நின்றது ஒரே ஒருமுறை, விபிஎன் கடவுச்சொல் கேட்டு. கேப்ஸ் லாக் கன்ட்ரோல் ஆகிவிட்டது, தமிழ்99 என் பெயரிலேயே வந்துவிட்டது, டாக்கர் ஓடுகிறது, சூடோவும் என்னை ஞாபகம் வைத்திருக்கிறது. புளூடூத் ஹெட்போனை மட்டும் கையால் இணைத்தேன்.

பழைய லேப்டாப்பைத் துடைத்து ஆபீஸில் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 22

மேலே எழுதியதில் ஒரு திருத்தம்.

வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் இன்று வேறு எதையோ தேடப் போனேன். லேப்டாப் பேக்கப் ஃபோல்டரில் கடைசித் தேதி ஆகஸ்ட் 29. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்கை ராத்திரி 11 மணிக்கு ஓட்டும் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) வரி ஸ்கிரிப்டில் இல்லை. இருந்ததே இல்லை. கிரான் அட்டவணை ஹோம் ஃபோல்டரில் இருக்காது, வார் ஸ்பூல் ஃபோல்டருக்குள் இருக்கும், அதனால் டாட்ஃபைல் ரெப்போவில் அது சிக்கவே இல்லை. 2020-இலும் கையால்தான் போட்டிருப்பேன். மற்ற எது விட்டுப்போனாலும் ஏதாவது ஒரு பிழை வந்து கத்தும். ஓடாத பேக்கப் கத்தாது. 24 நாள்.

பொதிப் பட்டியலுக்குக் கீழே கிரானுக்கு ஒரு பகுதி சேர்த்தாயிற்று, காரணத்தோடு, தேதியோடு. ஸ்கிரிப்டை இன்னொரு முறை ஓட்டினேன், வேறு ஒன்றும் மாறவில்லை. ஆர்சிங்க் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. வைஃபையில் 41 ஜிபி, விடிந்துவிடும் போலிருக்கிறது.